எலுமிச்சம்பழமும் வெந்நீர்த் தொட்டியும்

2007-ல் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட் நகரத்தில், அக்கா மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே ஒரு குடும்ப வழக்கில் என்னை நாட்டாமை ஆக்கிவிட்டார்கள். புதுசா, பழசா?

வழக்குப் பொருள் ஹாட் டப். வீட்டுக் கொல்லைப்புறத்தில் வைத்துக்கொள்கிற பெரிய வெந்நீர்த் தொட்டி. நாலைந்து பேர் கழுத்தளவு நீரில் உட்காரலாம். சுற்றிலும் உள்ள துவாரங்கள் வழியாக பம்ப் தண்ணீரைப் பீய்ச்சி முதுகைப் பிடித்துவிடும். சூடு 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. நம் கணக்கில் 40 டிகிரி. அந்தச் சூட்டைச் சென்னையில் மே மாதம் ஓசியிலேயே தருகிறார்கள் என்றேன். அக்கா மகன் சிரிக்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே முதுகுவலி. கம்ப்யூட்டர் முன்னால் பத்து வருஷம் உட்கார்ந்து சம்பாதித்தது.

இந்தச் சாதனம் பிறந்ததே ஒரு வலியில்தான். இத்தாலியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் குடியேறிய ஜக்கூசி சகோதரர்கள் முதலில் விமானத்துக்கு விசிறி செய்தார்கள், அப்புறம் விவசாயத்துக்குத் தண்ணீர் பம்ப். அவர்களில் ஒருவருடைய சின்னப் பையனுக்கு மூட்டுவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் சுழல்நீர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். அதையே வீட்டுத் தொட்டியில் கொடுக்க முடியாதா என்று அப்பா யோசித்துச் செய்த பம்ப் 1956-ல் விற்பனைக்கு வந்தது. அறுபதுகளில் இதே கலிஃபோர்னியாவில் சிலர் பழைய ஒயின் பீப்பாய்களில் வெந்நீர் நிரப்பி உட்கார ஆரம்பித்தார்கள். ஆக, ஹாட் டப்பின் தாத்தாவே செகண்ட் ஹாண்ட்தான்.

மருமகள் கட்சி புதுசு. "யார் யாரோ முங்கின தொட்டி மாமா. நெனச்சாலே ஒரு மாதிரியா இருக்கு."

"போன மாசம் ஹோட்டல்ல இருந்தப்ப இறங்கினீங்களே?"

"அது ஹோட்டல்."

இந்தத் தர்க்கத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால், அவள் பயத்தில் நியாயம் உண்டு. தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிடலாம். உள்ளே ஓடும் குழாய்களில் படிந்திருக்கும் பாசி போன்ற அழுக்கை அவ்வளவு சுலபத்தில் எடுக்க முடியாது. குளோரின் சரியாகப் போடாத தொட்டியில் இறங்கினால் உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள் வரும்.

கடைக்குப் போனோம். புதுத் தொட்டி 7,000 டாலர். அங்கிருந்த இளைஞன் அதன் நற்குணங்களை அரை மணி நேரம் அடுக்கினான். தொட்டியை வைக்க கான்க்ரீட் மேடை வேண்டும், தனியாக 240 வோல்ட் லைன் இழுக்க வேண்டும், மேல்மூடி சில வருஷத்தில் தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும், மாதாமாதம் கரன்ட் பில் எகிறும் என்பதையெல்லாம் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' மேல் எனக்கு அன்றே ஒரு கண்.

மறுநாள் பழசு பார்க்க ஸ்டாக்டன் பக்கம் போனோம். இன்டர்நெட் விளம்பரம், 900 டாலர். எழுபது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரர். பெரிய வீட்டில் தனியாக இருந்தார். மனைவிக்காக வாங்கிய தொட்டியாம். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சூடாக்கி, ஆவி பறக்க வைத்திருந்தார். அது நல்ல அடையாளம். பழைய தொட்டியைக் காலியாகக் காட்டினால் சந்தேகப்படணும். ஒழுகுகிறதா, ஹீட்டர் வேலை செய்கிறதா என்று காலித் தொட்டி சொல்லாது.

அக்கா மகன் பம்ப்பைப் போட்டுப் பார்த்தான். சத்தம் சுத்தமாக இருந்தது. பர்ஸை எடுத்துவிட்டான்.

"ஒரு விஷயம்" என்றார் பெரியவர். "வாரத்துக்கு ஒரு அங்குலம் தண்ணீர் இறங்குகிறது. எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஹோஸை வைத்து நிரப்பிக்கொள்கிறேன்."

பர்ஸ் உள்ளே போனது. தொட்டியைச் சுற்றிச் சூடு காக்க ஃபோம் அடைத்திருப்பார்கள். குழாய் எங்கோ கசிந்தால் ஃபோம் குடித்துக்கொள்ளும், வெளியே சொட்டு தெரியாது. ஓட்டையைக் கண்டுபிடிக்க அந்த ஃபோமையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டும். அக்கா மகன் இதையெல்லாம் படித்துவிட்டு வந்திருந்தான். அழகாகப் பேரம் பேசினான். 500-க்கு முடிந்தது. பெரியவர் முகத்தில் கோபம் இல்லை. நாலு நண்பர்களோடும் ஒரு டிரெய்லரோடும் சனிக்கிழமை வருவதாகச் சொல்லிக் கிளம்பினோம்.

காரில் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தேன்.

"என்ன மாமா?"

"அவர் சொல்லலைன்னா தொள்ளாயிரம் குடுத்திருப்பேல்ல?"

"ஆமா. சொன்னார், குறைச்சேன். ரிப்பேர்னா எனக்குத்தானே செலவு? இதுல என்ன தப்பு?"

தப்பே இல்லை. ஓட்டைக்கு ஒரு விலை உண்டு. ஆனால், அந்த மனிதர் ஒரே ஒரு வாக்கியத்துக்கு 400 டாலர் அபராதம் கட்டியிருக்கிறார் என்பதும் உண்மை. அடுத்த தடவை ஒரு சோபாவையோ காரையோ விற்கும்போது வாயைத் திறப்பாரா?

இந்தக் கேள்விக்கு ஒரு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிவிட்டன. நாலாவது இடத்தில் 1970-ல் வெளியானது. 2001-ல் பரிசு. அவர் சொன்னது இதுதான்: பழைய காரில் எது நல்லது, எது ஓட்டை என்று விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சராசரி விலைதான் தருவான். நல்ல கார் வைத்திருப்பவன் 'இந்த விலைக்கா?' என்று ஒதுங்கிவிடுவான். மிச்சம் இருப்பது மட்டம். விலை இன்னும் இறங்கும். அடுத்த நல்லவனும் ஒதுங்குவான்.

ஓட்டைக் காருக்கு அமெரிக்க வழக்கில் 'லெமன்' என்று பெயர். நாம் வண்டிச் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அவர்கள் வண்டியையே எலுமிச்சம்பழம் என்கிறார்கள்.

புதுசு வாங்குவதன் ரகசியமும் இதில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. கடையில் 7,000 டாலர் கொடுக்கும்போது நாம் வாங்குவது பளபளப்பை மட்டும் அல்ல. எதிரே இருப்பவன் நல்லவனா கெட்டவனா என்று யோசிக்காமல் இருக்கிற வசதியை. வாரன்ட்டி கார்டு என்பது அதுதானே? மனிதனை நம்புவதற்குப் பதிலாக ஒரு காகிதத்தை நம்பலாம். பழசு வாங்கும்போது மனிதனைத்தான் வாங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விற்பவன் எவ்வளவு சொல்ல வேண்டும்? இது இரண்டாயிரம் வருஷத்துப் பழைய சண்டை. ரோமாபுரி சிசரோ, கி.மு. 44-ல் தன் மகனுக்குக் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இதை விசாரிக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறைய தானியத்தோடு முதலில் வந்து சேர்கிறான். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும். ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. சொல்ல வேண்டுமா, வாயை மூடிக்கொண்டு நல்ல விலைக்கு விற்கலாமா? அடுத்து ஒரு வீடு. பூச்சி பொட்டு, உளுத்த மரம். சொந்தக்காரனுக்கு மட்டும் தெரியும். சொல்லாமல் விற்கலாமா?

இரண்டு ஸ்டோயிக் தத்துவவாதிகள் மோதுகிறார்கள். டயோஜெனிஸ் (பீப்பாயில் குடியிருந்தவர் அல்ல, இவர் பாபிலோன்காரர்) சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார். வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, 'மட்டமான வீடு விற்பனைக்கு' என்று எவனாவது ஏலம் கூவுவானா என்று கேட்கிறார். அவருடைய சிஷ்யர் ஆன்டிபேட்டர், தெரிந்த குறை எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். சிசரோ சிஷ்யர் பக்கம். அடுத்தவனுக்குத் தெரிந்தால் பயன்படும் ஒன்றை நம் லாபத்துக்காக அவனிடமிருந்து விலக்கி வைப்பதுதான் மறைப்பது என்கிறார்.

கலிஃபோர்னியாவின் சட்டம் இரண்டு பேரிடமும் கொஞ்சம் கடன் வாங்கியிருக்கிறது. அங்கே வீடு விற்பவர் தனக்குத் தெரிந்த குறைகளைப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். அந்த வீட்டில் மூன்று வருஷத்துக்குள் யாராவது செத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய சாவு என்றால் தானாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், வாங்குபவன் நேராகக் கேட்டுவிட்டால் பொய் சொல்லக் கூடாது. நாலாவது வருஷத்தில் ஆவி டயோஜெனிஸ் கட்சிக்குப் போய்விடுகிறது.

சின்ன வயதில் படித்திருந்தால் நானும் டயோஜெனிஸ் கட்சிதான். ஆதாரம் இருக்கிறது.

1984-ல் என் ஸ்கூட்டரை விற்றேன். இன்றைய இளைஞர்கள் நம்ப மாட்டார்கள், அப்போது புது ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கணும். அதனால் கையில் இருக்கிற பழசுக்குச் சில சமயம் புதுசைவிட விலை அதிகம். என் வண்டி காலையில் ஒரே உதையில் ஜம்மென்று கிளம்பும். எட்டு, பத்து கிலோமீட்டர் போய்ச் சூடேறியதும் நடுரோட்டில் நின்றுவிடும். கால் மணி நேரம் ஆறவைத்தால் மறுபடி கிளம்பும். ரீபோர் பண்ணணும் சார் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். செலவு செய்ய மனமில்லை. விற்றுவிடலாம் என்று தோன்றியது.

வாங்க வந்தவர் தாம்பரத்தில் ஸ்கூல் வாத்தியார். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தார். வண்டி நிற்கவில்லை. அந்தத் தூரத்தில் நிற்காது என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ராசியான வண்டிதானே சார்?"

"ரொம்ப ராசியான வண்டி" என்றேன்.

பொய் இல்லை. ஒரு விபத்துகூட நடந்ததில்லை. அந்த வண்டி வந்தபிறகுதான் பிரமோஷன் கிடைத்தது. அவர் கேட்டதற்குச் சரியான பதில். கேட்கத் தெரியாதது அவர் குற்றம் என்று அன்றைக்கு எனக்குள் ஒரு வக்கீல் வாதாடி ஜெயித்தான்.

வாத்தியார் பணத்தை எண்ணிக் கொடுத்தார். பைக்குள்ளிருந்து கற்பூரம் எடுத்து ஏற்றினார். இரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்து முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று என்று வைத்தார். வண்டியை உருட்டி நசுக்கினார். என் கையில் ஒரு சின்ன ஸ்வீட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஒரே உதையில் கிளப்பிக்கொண்டு போனார். எங்கள் வீட்டிலிருந்து தாம்பரம் பதினாலு கிலோமீட்டர்.

அவர் திரும்பி வந்து சண்டை போட்டிருந்தால்கூட நான் மறந்திருப்பேன். வரவே இல்லை.

ஸ்டாக்டன் பெரியவரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கேட்கத் தெரியாதவன் என்ன கேட்டிருப்பான் என்று யோசித்து, அந்தக் கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். வியாபாரி அடுத்தவன் பொருளையும் தன் பொருள் மாதிரி பார்க்க வேண்டும் என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வதை அதற்கு முன் பலமுறை மேடையில் கேட்டிருக்கிறேன். ஆள் யாரையும் பார்த்ததில்லை.

தொட்டி வந்தது. மருமகள் இரண்டு நாள் தேய்த்தாள். வாரம் ஒரு அங்குலம் ஹோஸ் பிடித்தார்கள். முதுகுவலி குறைந்தது. நான் ஊர் திரும்பினேன்.

2009-ல் போன் வந்தது. வேலை டெக்சஸுக்கு மாறிவிட்டது. வீட்டைக் காலி செய்கிறான். தொட்டியை எடுத்துப் போக முடியாது. விளம்பரம் கொடுக்கப் போகிறான்.

"மாமா, தண்ணி இறங்குறதைச் சொல்லணுமா? சொன்னா நானூறு டாலர் போயிடும்."

எவ்வளவு போகும் என்று அவனுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

ஸ்கூட்டர் கதையை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. அன்றைக்கு முழுசாகச் சொன்னேன், எலுமிச்சம்பழம் உள்பட. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "சரி மாமா" என்று வைத்துவிட்டான்.

தொட்டி பத்து நாளில் விற்றுவிட்டதாம். அக்கா சொன்னாள். என்ன விலைக்குப் போச்சு என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.