லாபத்தில் பங்காளி, நஷ்டத்தில் யார்?

  

1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய அசோக் லேலண்டின் தொழிற்சாலை நம் எண்ணூரில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த கேட்டுக்குள் போக வேலை கிடைக்க வேண்டும். இன்று கையில் போன் இருந்தால் வீட்டில் உட்கார்ந்தபடியே அதன் பங்குதாரராக ஆகிவிடலாம். அதனால்தான் ஓய்வு பெற்று பி.எஃப்., கிராஜுவிட்டி வாங்கியவர்கள், “ஹஜ்ரத், ஷேர் வாங்கலாமா?” என்று கேட்கிறார்கள். கம்பெனியின் தொழில் ஹலாலாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அதை நாம் அறிவோம். இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை: எந்த வகைப் பங்கு?

2013-ம் வருட கம்பெனிகள் சட்டத்தின் 43-வது பிரிவு பங்குகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, ஈக்விட்டி என்னும் சாதாரணப் பங்கு. லாபம் வந்து கம்பெனி அறிவித்தால் டிவிடெண்ட் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கம்பெனியை மூடினால், எல்லாரும் எடுத்தது போக மிச்சம் இருந்தால்தான் இவருக்கு. ஆனால் இவருக்கு ஓட்டு உண்டு.

மற்றொன்று, முன்னுரிமைப் பங்கு. வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று முதலிலேயே எழுதிவிடுவார்கள். லாபம் வந்தால் இவருக்குக் கொடுத்த பிறகே மற்றவருக்கு. ஒரு வருடம் கொடுக்க முடியாவிட்டால் பாக்கியாகச் சேரும் வகையும் உண்டு. கம்பெனியை மூடினால் சாதாரணப் பங்குதாரருக்கு முன்னால் இவருடைய முதல் திரும்ப வேண்டும். இதற்குப் பதிலாக, பொதுவான விஷயங்களில் இவருக்கு ஓட்டு கிடையாது; 2 வருடம் டிவிடெண்ட் வராமல் போனால்தான் எல்லா விஷயத்திலும் ஓட்டு கிடைக்கும்.

நன்றாக யோசியுங்கள். பெயர் பங்கு; குணமோ கடனின் குணம்.

நம் ஃபிக்ஹில் கூட்டு வியாபாரத்துக்கு ஓர் அடிப்படை உண்டு: லாபத்தை எடுப்பவர்தான் நஷ்டத்தையும் சுமக்க வேண்டும். கூட்டாளிகள் போட்ட முதலின் அளவுப்படிதான் நஷ்டம் பிரியும். இதில் இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு இல்லை. முளாரபாவில் நஷ்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் போகும். உழைத்தவருக்கு உழைப்பு போகும். இருவரும் இழக்கிறார்கள். அதனால்தான் அது கூட்டு.

1992-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, இந்த அடிப்படையில்தான் முடிவு சொன்னது. முதலுக்கோ, குறிப்பிட்ட லாபத் தொகைக்கோ உத்தரவாதம் தரும் முன்னுரிமைப் பங்குகள் கூடாது; பங்கீட்டிலும் கலைப்பிலும் முந்திக்கொள்ளும் பங்குகளும் கூடாது. நிர்வாக விஷயங்களில் சில பங்குகளுக்குத் தனி உரிமை தருவது ஆகும்.

ஓட்டில் வித்தியாசம் வைத்த கம்பெனி நம் நாட்டிலேயே உண்டு. டாட்டா மோட்டார்ஸ் 2008-ல் வெளியிட்ட ‘ஏ’ வகைப் பங்கில் 10 பங்குக்கு ஓர் ஓட்டு. அதற்கு ஈடாக 5 சதவீதப் புள்ளி கூடுதல் டிவிடெண்ட். 2024-ல் அவற்றை ரத்து செய்து, 10-க்கு 7 சாதாரணப் பங்குகள் கொடுத்தார்கள். ஓட்டைக் குறைப்பது ஒரு விஷயம்; அதற்கு விலையாகக் கூடுதல் லாபம் என்பது வேறு விஷயம். ஷாஃபி மத்ஹபில் லாபமும் முதலின் அளவுப்படிதான். ஹனஃபி மத்ஹபிலும், உழைக்க மாட்டேன் என்று ஒதுங்கிய கூட்டாளி தன் முதலின் அளவுக்கு மேல் லாபம் பேச முடியாது.

ஓட்டு அதிகம் உள்ளவருக்கும் எச்சரிக்கை உண்டு. தாவூத் (அலை) அவர்களிடம் வந்த வழக்கை ஸாத் அத்தியாயத்தில் ஓதுகிறோம். 99 ஆடு வைத்திருந்தவர், சகோதரனின் ஒற்றை ஆட்டையும் கேட்டார். கூட்டாளிகளில் வலுத்தவர் இளைத்தவரை விழுங்குவது அன்றே இருந்த நோய்.

சகோதரர்களே! இது பெரிய கம்பெனிகளின் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். துறைமுகத்துக்கு ஓட டிரெய்லர் வாங்குகிறார் ஒரு தம்பி. நீங்கள் 2 லட்சம் கொடுத்து, “நானும் பங்கு. மாசம் 4,000 லாபம் கொடு. கேட்கும்போது முதல் முழுசா வரணும்” என்கிறீர்கள். லோடு கிடைக்காமல் வண்டி பத்து நாள் ரோட்டோரம் நிற்கிறது. டயர் வெடிக்கிறது. டிரைவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒன்றாம் தேதி உங்கள் 4,000 மட்டும் தவறாமல் வருகிறது. அது எங்கிருந்து வந்தது? அவருடைய பிள்ளைகளின் சாப்பாட்டிலிருந்து வந்தது! வங்கி வட்டியைத் தொடமாட்டேன் என்று பேணுதலாக இருப்பவர், அதே வட்டியைப் பங்கு என்ற பெயரில் வாங்குகிறார்.

“உழைத்துச் சேர்த்த பணம் ஹஜ்ரத், போய்விட்டால் என்ன செய்வேன்?” என்பீர்கள். நியாயமான பயம். முதல் பத்திரமாக வேண்டுமா? அழகிய கடனாகக் கொடுங்கள். கொடுத்ததற்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம். லாபம் வேண்டுமா? வரும் லாபத்தில் இத்தனை பங்கு என்று பேசுங்கள்; எழுதி வையுங்கள்; மாதாமாதம் கணக்குப் பாருங்கள்; நஷ்டத்துக்கும் தோள் கொடுங்கள். இழந்தால் தாங்கக்கூடிய அளவு மட்டும் போடுங்கள். பத்திரமும் லாபமும் சேர்த்துக் கேட்டால், உங்கள் நஷ்டத்தை இன்னொருவர் தலையில் வைக்கிறீர்கள்.

யாருடைய தொழிலிலாவது இப்படிப் பணம் போட்டிருந்தால், இந்த வாரமே அவருடன் உட்கார்ந்து பேச்சை மாற்றுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக! நம் கூட்டாளியின் கண்ணீர் கலக்காத உணவை நம் பிள்ளைகளுக்குத் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.