மறுநாள் காலை



கி.பி. 383ஆம் ஆண்டு. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் துறைமுகம். ரோமுக்குக் கப்பலேற நிற்கும் மகனை ஒரு கைம்பெண் பிடித்த பிடி விடாமல் நிற்கிறார். ஒன்று வீட்டுக்கு வா, இல்லையென்றால் என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று மன்றாடுகிறார். மகனோ, நண்பனை வழியனுப்பத்தான் வந்தேன் என்று பொய் சொல்லி, அருகிலிருந்த புனித சிப்பிரியான் ஆலயத்தில் அம்மாவைத் தங்கவைக்கிறார். இரவெல்லாம் அந்தத் தாய் அழுது செபித்தார். கேட்டது ஒன்றே ஒன்று: மகன் போகக் கூடாது. ஆனால் காற்று வீசியது, கப்பல் புறப்பட்டது. விடிந்தபோது மகன் இல்லை.

அந்தத் தாய் புனித மோனிக்கா. மகன், திருச்சபை தன் மறைவல்லுநராகப் போற்றும் புனித அகுஸ்தினார்.

இந்தத் தாயின் செபத்தைப் பற்றிப் பேசும்போது, அழுதார், மகன் மனம் திரும்பினார் என்று முடிவுக்கு ஓடிவிடுகிறோம். எனக்கு அந்த மறுநாள் காலைதான் பெரிதாகத் தெரிகிறது. கேட்டது கிடைக்கவில்லை, கிடைக்காதது மட்டுமல்ல, நேர்மாறாகவே நடந்துவிட்டது. குடியை மகன் விட வேண்டும் என்று நோன்பிருக்கும் தாய்க்கும், கணவரின் நோய் தீர வேண்டும் என்று நவநாள் செய்யும் மனைவிக்கும் அப்படியொரு காலை வருவதுண்டு. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் சிலருக்கு இன்றே அந்தக் காலையாக இருக்கலாம்.

மோனிக்கா என்ன செய்தார்? முதலில் புலம்பினார். கடவுளிடமே முறையிட்டார். அதை அகுஸ்தினார் தன் வாழ்க்கையைச் சொல்லும் நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதன்பிறகு வீடு திரும்பி, மீண்டும் மகனுக்காக வேண்டத் தொடங்கினார். காலையும் மாலையும் தவறாமல் ஆலயத்துக்குப் போனார். அது அவருக்குப் புதிதும் அல்ல. பத்தொன்பது வயதில் மகன் திருச்சபை ஏற்காத மனிக்கேயக் கொள்கையில் சேர்ந்த நாள்முதல் கண்ணீரோடுதான் வேண்டிவந்தார். மகனிடம் பேசிப்பாருங்கள் என்று ஓர் ஆயரை நச்சரித்தபோது, இத்தனை கண்ணீருக்குரிய பிள்ளை கெட்டுப்போக மாட்டான் என்ற பொருளில் அவர் சொல்லி அனுப்பினார். அந்தச் சொல்லுக்குப் பிறகும் ஆண்டுகள் பல கடந்துவிட்டன.

ரோமுக்குப் போன மகன் அங்கிருந்து மிலான் நகருக்கு ஆசிரியராகப் போனார். அங்கே ஆயர் அம்புரோசின் மறையுரைகளைக் கேட்டார். 386இல் மனம் திரும்பினார். 387ஆம் ஆண்டு பாஸ்கா திருவிழிப்பு இரவில் அம்புரோசின் கையாலேயே திருமுழுக்குப் பெற்றார். அப்போது மோனிக்காவும் மிலானில் இருந்தார். மகனைத் தேடி அதே கடலைக் கடந்து வந்தவர் அவர். வழியில் புயல் வந்தபோது, கரைசேர்வோம் என்று மாலுமிகளுக்கே தைரியம் சொன்னாராம்.

அன்றிரவு அம்மா கேட்டதை இறைவன் மறுத்தது, அவர் என்றும் கேட்டுவந்ததைக் கொடுப்பதற்காகத்தான் என்று அகுஸ்தினார் பின்னாளில் எழுதினார். போகாதே என்று அம்மா தடுத்த பயணம்தான் அவரை அம்புரோசிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அது எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த விளக்கம். கார்த்தேஜ் கரையில் மோனிக்காவின் கையில் எந்த விளக்கமும் இல்லை. விளக்கம் கிடைத்த பிறகு செபிப்பது எளிது. அது இல்லாமலே அவர் மறுபடி முழந்தாளிட்டாரே, விடாத செபம் என்று நான் அதைத்தான் சொல்வேன்.

லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையிலும் ஒரு கைம்பெண்தான் வருகிறார். அங்கே இருக்கும் நீதிபதி தொல்லை தாங்காமல் இறங்கிவருகிறார். நம் இறைவன் அந்த நீதிபதி அல்ல. கெஞ்சிக் கெஞ்சிக் களைப்படையச் செய்தால்தான் மனமிரங்குவார் என்பதில்லை. அழுத முகத்தோடு, கோபத்தோடுகூட, அவரிடம் திரும்பிப் போகலாம். மோனிக்கா போனார்.

திருமுழுக்கு நடந்த அதே 387ஆம் ஆண்டில், ஊர் திரும்பும் வழியில், ஒஸ்தியா துறைமுக நகரில் மோனிக்கா இறந்தார். அப்போது அவருக்கு 56ஆவது வயது நடந்துகொண்டிருந்தது. சொந்த மண்ணில் கணவரின் பக்கத்தில் அடக்கமாக வேண்டும் என்ற பழைய ஆசையைக்கூட அவர் விட்டுவிட்டார். எங்கே இருந்தாலும் ஆண்டவரின் பலிபீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் பிள்ளைகளிடம் கேட்டார். அகுஸ்தினார் அதோடு நிறுத்தவில்லை. தன் நூலைப் படிக்கும் எல்லாரும் தன் தாய் மோனிக்காவுக்காகவும் தந்தை பத்ரிசியுசுக்காகவும் வேண்டிக்கொள்ள வேண்டும் என்று எழுதிவைத்தார்.