சறுக்கலில் ஒரு பாடம்

காரை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, அந்தச் சறுக்கலைக் கைக்குள் வைத்து ஓட்டும் வித்தைக்கு டிரிஃப்டிங் என்று பெயர். பார்ப்பவருக்கு அது புகையும் சத்தமும். பழகுபவருக்கு அது பொறுமை.

பின்சக்கரம் இடப்பக்கம் ஒதுங்கினால் ஸ்டீயரிங்கையும் இடப்பக்கமே திருப்ப வேண்டும். பதறிப்போய்ப் பிரேக்கை மிதித்தவர் சுழன்று நிற்பார். போக வேண்டிய இடத்தையே பார்த்தவர் போய்ச் சேருவார்.

இதைக் கற்கப் பெரும்பணம் வேண்டாம். பின்சக்கரத்தில் விசை பாயும் பழைய வண்டி, தேய்ந்த டயர், தலைக்கவசம், தண்ணீர் தெளித்த மூடிய மைதானம், பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் போதும். ஊர்ச்சாலை மட்டும் வேண்டவே வேண்டாம்; அங்கே பிறர் வீட்டுப் பிள்ளைகள் நடக்கிறார்கள்.

கோவை கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்தே பந்தயக் கார் கட்டினார். அந்த எளிய கார்களில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். சிறிய எஞ்சின் பெரிய கனவைத் தடுப்பதில்லை.

கட்டுக்குள் நின்று திசைமாறும் இந்த வித்தை ஆற்றுக்கும் தெரியும். ஜேடர்பாளையம் தடுப்பணையில் திரும்பும் காவிரி நீர், ராஜவாய்க்காலாகி வெற்றிலைக்கும் வாழைக்கும் உயிர் தருகிறது. அந்த நீர் வழிதவறவில்லை; கரைக்குள் நின்று வழிமாறியது.

வேகத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். நிதானத்தைப் பழகித்தான் பெற வேண்டும். வாழ்க்கை சறுக்கும் நாளில் கைகொடுப்பது இரண்டாவதுதான்.