பஞ்சமும் பழியும்

1997-ல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்து மில்ஸ்ட்ரீட் ஊரில் பெரும் பஞ்சத்தின் 150-ஆவது ஆண்டு நினைவு நிகழ்ச்சி நடந்தது. பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரின் பெயரால் வந்த ஓர் அறிக்கையை நடிகர் கேப்ரியல் பைர்ன் மேடையில் வாசித்தார். அன்று லண்டனில் ஆண்டவர்கள் மக்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அது ஒப்புக்கொண்டது. பல தலைமுறைப் புண் ஆறத் தொடங்கியதாக எழுதினார்கள். 2021-ல் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிவந்த கோப்புகளோ வேறு கதை சொன்னன. பிரதமரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. ஆகவே அதிகாரிகளே எழுதி, தாங்களே ஒப்புதலும் தந்து அனுப்பிவிட்டார்கள்.

எழுதியவர்களின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனாலும் அது மன்னிப்பு ஆகாது. பழியை ஏற்க வேண்டியவன் தன் வாயால் ஏற்க வேண்டும். கண்ணகி ஒற்றைச் சிலம்போடு அவைக்கு வந்தபோது பாண்டியன் நெடுஞ்செழியன் அமைச்சரை விட்டு ஓலை வாசிக்கச் சொல்லவில்லை. தன் தவறு தெரிந்த கணமே தன்னைத் தானே குற்றவாளி என்று சொல்லி, அரியணையிலேயே உயிர் விட்டான். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழன் கதையும் இதையேதான் சொல்கிறது. அரசு நீதியை ஆள்வைத்துச் செய்ய முடியாது.

எதற்காக இந்த மன்னிப்பு? 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியது. ஏழை ஐரிஷ் குடியானவனுக்கு அதுவே சோறு. 1841-ல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1851-ல் 65 லட்சமாகச் சுருங்கியது. ஏறத்தாழ 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். நோயை ஆங்கிலேயர் கொண்டுவரவில்லை. ஆனால் கிழங்கு அழுகிய அதே மண்ணில் விளைந்த ஓட்ஸும் வெண்ணெயும் வாடகை கட்டுவதற்காக விற்கப்பட்டு, படைவீரர் காவலோடு துறைமுகம் போய்ச் சேர்ந்தன. ஏற்றுமதியைத் தடுக்க அரசு மறுத்தது. தானிய வணிகத்தில் கைவைத்தால் சந்தை கெட்டுவிடும் என்பது அன்றைய லண்டனின் வேதம்.

அந்த வேதத்தின் பூசாரி கருவூலத் துறையின் சார்லஸ் டிரெவெலியன். பஞ்சம் கடவுளின் ஏற்பாடு, ஐரிஷ் சமூகத்தைச் சீர்திருத்த வந்த மருந்து என்ற தோரணையில் 1848-ல் கட்டுரை எழுதியவர். அதே ஆண்டு அவருக்கு 'சர்' பட்டமும் கிடைத்தது. அயர்லாந்தின் விளையாட்டு மைதானங்களில் இன்றும் பாடப்படும் 'ஆதன்ரை வயல்கள்' பாட்டில் அவர் பெயர் அழியாமல் இருக்கிறது.

வழியில்லாமல் விட்டார்களா என்றால், அதுவும் இல்லை. 1847 கோடையில் அரசே கஞ்சித் தொட்டிகளைத் திறந்தது. ஜூலையில் நாள்தோறும் சுமார் 30 லட்சம் பேர் கஞ்சி குடித்தார்கள், சாவு குறைந்தது. இலையுதிர் காலத்துக்குள் அத்தனையையும் மூடிவிட்டார்கள்! முடியும் என்று காட்டிவிட்டு நிறுத்தியவனுக்கு, முடியவில்லை என்று சொல்லும் உரிமை எங்கே இருக்கிறது? அதே ஆண்டு வந்த சட்டம், கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் இல்லை என்றது. நிலத்தை விட்டால்தான் கஞ்சி. விட்டவனின் குடிசையை நிலக்கிழாரின் ஆட்கள் இடித்தார்கள். பிறகு அவனுக்குப் போக்கிடம் ஏழை விடுதிதான். அதன் வாசலிலேயே கணவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் பிரித்து வெவ்வேறு கொட்டடிகளில் அடைத்தார்கள். மணிமேகலை கேட்டுக்கொண்டதற்காகச் சிறைக்கூடத்தை அறக்கூடமாக்கினான் புகார் அரசன் என்கிறது நம் காப்பியம். இங்கே அறக்கூடம் சிறையானது.

ஸ்காட்லாந்தின் மேட்டு நிலத்தையும் 1846-ல் அதே நோய் தாக்கியது. அங்கே சாவு குறைவு. திருச்சபையும் நிவாரணக் குழுக்களும் முன்னதாகவே விழித்துக்கொண்டன. ஆனால் அங்கும் டிரெவெலியனின் நிழல் விழுந்தது. உண்மையான ஏழையா என்று சோதிக்க, நாள் முழுதும் உழைத்தால் ஒரு பவுண்டு மாவு என்று அளந்தார்கள். 1852 முதல் அவர் தலைமையில் இயங்கிய சங்கம் சுமார் 5,000 பேரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. ஆட்டு மந்தைக்காகக் குடிகளை விரட்டிய ஸ்காட்டிஷ் நிலப்பிரபுக்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பேராசைக்கு இனம் கிடையாது.

அந்த ஒரு பவுண்டு நமக்கும் தெரிந்ததுதான். தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877-ல், சென்னை மாகாணத்தில், பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த நாட்கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். மாகாண ஆளுநர் பக்கிங்காம் பிரபு தானியம் வாங்கி இருப்பு வைக்க முயன்றபோது, வைஸ்ராய் லிட்டன் கடிந்துகொண்டார். டிரெவெலியனும் இங்கே வந்தவரே. 1859-60-ல் சென்னை ஆளுநர். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் அமைத்ததுதான்.

தாத்தா செய்த தவறுக்குப் பேரன் எப்படிப் பொறுப்பாவான் என்று கேட்பவர்கள் உண்டு. 1847-க்குப் பிறகு அயர்லாந்துக்குள் வந்த தானியம் வெளியே போனதைவிட அதிகம் என்றும் சொல்கிறார்கள். இரண்டாவது உண்மை, ஆனால் 1846-47 குளிர்காலத்தில் செத்தவனுக்கு அதனால் பயன் இல்லை. முதலாவது தனிமனிதருக்குப் பொருந்தும், அரசுக்குப் பொருந்தாது. அடிமைமுறையை ஒழித்தபோது முதலாளிகளுக்கு நஷ்டஈடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது பிரிட்டன். அதற்கென 1835-ல் வாங்கிய கடனின் மிச்சம் 2015-ல்தான் அடைந்து முடிந்தது. 180 ஆண்டுக் கடனை மறக்காத அரசுக்கு அதே நூற்றாண்டின் பழி மட்டும் எப்படி மறந்துபோகும்? அயர்லாந்தின் பஞ்சத்துக்கோ கருவூலம் மொத்தமாகச் செலவிட்டது சுமார் 80 லட்சம் பவுண்டு. அதிலும் பெரும்பகுதி கடனாகக் கொடுத்தது.

கொடுங்கோன்மைக்குத் தனியாக ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவர், துன்புற்ற குடிகள் விடும் கண்ணீர் ஆட்சியையே தேய்த்து அழித்துவிடும் என்று எச்சரித்தார். ஆண்டவர்கள் போனாலும் ஆண்ட அரசு இருக்கிறது. அதன் நாடாளுமன்றம் அதே தேம்ஸ் கரையில்தான் கூடுகிறது. 2045-ல் அந்தப் பயிர்நோய்க்கு 200 ஆண்டு நிறைகிறது. அதற்குள் அந்த அவை ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பிரதமர் எழுந்து நின்று அதை முன்மொழிய வேண்டும். அதில் அயர்லாந்தோடு சென்னை மாகாணத்தின் பெயரும் இருக்க வேண்டும்.