குடமும் குயவனும் ஈர்ப்பலையும்

அண்டத்தை ஆராய்ந்து அதன் வழியே இறைவன் உண்டென்று நிறுவ இயலுமா என்னும் வினாவுக்கு, வைணவ ஆசாரியர் இராமானுசர், பக்தர் பலர் எதிர்பார்க்கும் விடையைத் தரவில்லை. குடம் இருப்பதால் குயவன் உண்டு, அதுபோல் உலகு இருப்பதால் அதை ஆக்கியவன் ஒருவன் உண்டு என்று நியாய நூலார் அனுமானத்தால், அதாவது கண்டதைக் கொண்டு காணாததைத் துணியும் அளவையால், வாதிட்டனர். மலையும் கடலும் ஒரே காலத்தில் ஒருவனாலேயே ஆக்கப்பட்டன என்பதற்குச் சான்றில்லை என்றும், குயவனுக்கு உடல் இருப்பதால் அவ்வாதம் உடலுள்ள ஒருவனையே காட்டும் என்றும் தம் பிரம்மசூத்திர உரையாகிய ஸ்ரீபாஷ்யத்தில் மறுத்த அவர், பிரம்மத்தை அறிய வேதமே பிரமாணம் என முடித்தார். அதற்கு முன் எதிர்வாதமாகிய பூர்வபக்ஷத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பதும் அந்நூலின் முறை.

இதே ஒழுக்கத்தை ரைனர் வைஸ் (1932–2025) என்னும் இயற்பியலாளரின் பணியில் காணலாம். அண்டத்தின் தொடக்கக் கதிர்வீச்சின் எச்சத்தை அளந்த கோபே செயற்கைக்கோளின் அறிவியல் குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர், பெருநிறைகளின் இயக்கத்தால் வெளியில் பரவும் நெளிவாகிய ஈர்ப்பலையை லேசர் ஒளியால் அளக்கும் கருவி ஒன்றை 1972ஆம் ஆண்டு அறிக்கையில் வரைந்தபோது, நில அதிர்வு, வெப்ப நடுக்கம், ஒளியின் ஏற்ற இறக்கம் என அக்கருவியை ஏமாற்றக்கூடிய இரைச்சல்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டார். அறிவியலுக்குரிய பூர்வபக்ஷம் அதுவே எனலாம். அக்கருவியின் வழிவந்த லைகோ குழுவினர், 2010 செப்டம்பரில் தம்முள் சிலர் மறைவாகச் செலுத்திய பொய்க் குறிப்பை மெய்யெனவே கொண்டு மாதக்கணக்கில் ஆய்ந்து, கட்டுரையும் எழுதி முடித்த பின்னரே, 2011 மார்ச்சில் அந்த மறைசெய்தி அடங்கிய உறை பிரிக்கப்பட்டபோது உண்மையை அறிந்தனர். 2015 செப்டம்பர் 14இல் நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள கரங்களில் புரோட்டான் விட்டத்தின் நூற்றிலொரு பங்கினும் சிறிய மாற்றம் பதிவானபோது, ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரு கருந்துளைகள் இணைந்தன என்று அவர்கள் துணிந்ததற்கு அந்தப் பயிற்சியும் ஒரு காரணம்.

இந்த அனுமானம் ஏன் நிற்கிறது, குயவன் வாதம் ஏன் நிற்கவில்லை? இணையும் கருந்துளைகள் எவ்வகை அலையை எழுப்பும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம், அடுத்தடுத்த நிகழ்வுகளில் சோதிக்கலாம். ஏதுவுக்கும் முடிவுக்கும் உள்ள நீங்காத் தொடர்பாகிய வியாப்தி அங்கே ஆராயத்தக்கது. உலகமோ ஒன்றே ஒன்று. அது ஆக்கப்படுவதைக் கண்டவர் எவருமில்லை. எனவே ஈர்ப்பலையைப் பிரணவ ஒலியென்று கொண்டாடுவதும், அண்டவியல் இறைவனை இல்லையாக்கிவிட்டது என்பதும் ஒரே பிழையின் இரு முகங்களே. அவ்வாறு பேச முற்படுவோர் முதலில், குயவன் வாதத்தை மறுக்கும் பகுதியாகிய ஸ்ரீபாஷ்யத்தின் சாஸ்திரயோநித்வாதிகரணத்தை ஒருமுறை பொறுமையாக வாசிக்க வேண்டும்.