கடவுள் யார் காதில் பேசுகிறார்?

விவிலியத்தோடு கடவுள் வாயை மூடிக்கொண்டாரா? கிறிஸ்தவர்களுக்குள் இது பழைய சண்டை. கிறிஸ்துவோடு வெளிப்பாடு நிறைவடைந்தது, இனிப் பொதுவான புது வெளிப்பாடு கிடையாது என்றது 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம். புராட்டஸ்டண்டுகளில் பெரும்பாலோருக்கும் எழுதி முடித்த வேதமே எல்லை. சீடர்களால் அப்போது தாங்க முடியாத சேதிகள் மிச்சமிருப்பதாக இயேசு சொல்வதும் யோவான் நற்செய்தியில்தான் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, சாமி இன்னும் பேசுறார் என்பவர்களும் உண்டு.

அடிமை வைத்திருந்தவன் எழுதிய வேதத்தைக் காட்டித்தான் நியாயம் பேசினான். அதனால் புதுக்குரல் நம்ம பக்கம்தான் இருக்கும் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம்.

அமெரிக்காவில் 1830இல் தொடங்கிய மார்மன் சபைக்குத் தொடரும் வெளிப்பாடுதான் அஸ்திவாரம். எலைஜா ஏபெல் என்ற கறுப்பர் அங்கே 1836இல் குருத்துவம் பெற்றார். 1852இல் தலைவர் பிரிகாம் யங், கறுப்பருக்குக் குருத்துவம் கிடையாது என்று அறிவித்தார். ஆலயச் சடங்குக்கு அனுமதி கேட்ட ஏபெலுக்கும் இல்லை என்றார்கள். 1884இல் அவர் செத்துப்போனார். தடை நீங்கியது 1978இல், தலைவர் ஸ்பென்சர் கிம்பலுக்கு வெளிப்பாடு கிடைத்த பிறகு. 126 வருஷம். இத்தனை காலம் கடவுள் சும்மா இருந்தாரா? இல்லை, ஏபெல் வாயால் பேசியது யாருக்கும் கேட்கவில்லையா?

குவேக்கர்கள் தலைவரை நம்பவில்லை. ஒவ்வொரு மனுசருக்குள்ளும் ஒளி இருக்கிறது என்றார்கள். 1688இல் ஜெர்மன்டவுனில் நாலு பேர் அடிமைமுறையை எதிர்த்து எழுதிக் கொடுத்தார்கள். சபை அதைக் கிடப்பில் போட்டது. அடிமை வைத்திருப்பவருக்குச் சபையில் இடமில்லை என்று பிலடெல்பியா ஆண்டுக்கூட்டம் முடிவெடுத்தது 1776இல்தான். அதன்பிறகும் கறுப்பருக்குத் தனி பெஞ்சு. 1837இல் அதைச் சாட்சியமாக எழுதியவர் சாரா மாப்ஸ் டக்ளஸ் என்ற கறுப்பினப் பெண்.

ஆக, வேதம் மூடியதா திறந்ததா என்பதோடு பிரச்சினை தீர்வதில்லை. யார் காதில் விழுந்தால் அது வெளிப்பாடு, யார் வாயில் வந்தால் அது வெறும் மனு? இதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? தலித்தின் வலியில்தான் கடவுளை அறிய முடியும் என்ற தலித் இறையியலுக்கு, 1981இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை தொடக்கமாக அமைந்தது. அந்த இறையியல் தொட்டதும் இந்தக் கேள்வியைத்தான்.

அப்போ யார் எதைச் சொன்னாலும் கடவுள் வாக்கா? கிடையாது. தன் வசதியைக் காப்பாற்றும் குரலைச் சந்தேகிக்க வேண்டும். அந்தக் குரலால் யார் வெளியே நிறுத்தப்படுகிறாரோ, அவரை முதலில் கேட்க வேண்டும்.

நம்மூர்க் கல்லறைத் தோட்டங்களில் சாதிச்சுவர் கட்டியவர்கள் எந்த வசனத்தையும் தேடவில்லை. இடிக்கச் சொன்னால் மட்டும் வசனம் கேட்கிறார்கள்.