புதன்கிழமைக் கடன்

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து நமக்கு வரவேண்டிய பணம் மூன்று மாதம் இழுக்கலாம். நம்மிடம் தைக்கிறவர்களுக்கு அந்த வாரக் கூலி சனிக்கிழமை சாயங்காலம் கைக்குப் போய்விட வேண்டும். 22 வருடமாக ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். நகையை அடகு வைத்த வாரம் உண்டு, கைமாற்று வாங்கிய வாரம் உண்டு, சம்பளம் போடாத சனிக்கிழமை கிடையாது. அதே நான், அடுத்த ஐந்து வருடத்துக்கு என்ன செய்வது என்று உட்கார்ந்து யோசிப்பதை மட்டும் 18 வருடம் தள்ளிப்போட்டேன்.

நேரமில்லை என்பேன். அது பொய்யும் இல்லை. காலை எட்டரைக்கு மெஷின் ஓட ஆரம்பித்தால் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை ஆகும். நடுவில் ஓவர்லாக்கில் ஊசி முறியும், நூல் வேறு கலரில் வந்திருக்கும், செக்கிங்கில் நூறு பீஸ் திரும்பி வரும். மர்ச்சண்டைசர் போன் போட்டு ஷிப்மென்ட் தேதியை நினைவுபடுத்திக்கொண்டே இருப்பார். ராத்திரி வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கும்போது, இன்றைய பொழுது தப்பியது என்ற நினைப்புதான் மிஞ்சும்.

ஆனால் 2020 மார்ச் 25-ஆம் தேதி நாடே அடங்கியபோது நேரம் குவியலாகக் கிடைத்தது. வாரக்கணக்கில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. அந்த நாட்களில் எதிர்காலத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதினேனா என்றால், இல்லை. டிவி முன்னால் உட்கார்ந்து பயந்தேன். ஊருக்குப் போகத் துடித்த ஒடிசா பையன்களுக்கு அரிசி, பருப்பு வாங்கிக் கொடுத்தேன். மெஷின் ஓடியதும் நானும் பழையபடி ஓட ஆரம்பித்துவிட்டேன். நேரம் கிடைத்தால் யோசனை தானாக வந்துவிடும் என்று நம்பியிருந்தது எவ்வளவு தவறு என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

இதே தவறை எங்கள் ஊரே செய்து, பெரிய விலை கொடுத்திருக்கிறது. சாயக்கழிவு நொய்யலில் கலந்தது, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, கீழே உள்ள வயல்களைக் கெடுத்தது. வருடக்கணக்கில் எல்லோரும் கண்ணால் பார்த்த விஷயம். ஆனால் இன்றைக்கு லோடு ஏற வேண்டுமே என்ற அவசரம்தான் தினமும் ஜெயித்தது. ஆற்றுக்காகக் கடைசியில் நீதிமன்றத்தில் போய் நின்றவர்கள் நொய்யல் பாசன விவசாயிகள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. துணி வராமல் எங்களைப் போன்ற தையல் யூனிட்டுகளிலும் டேபிள் காலியாகக் கிடந்தது. இன்று கழிவுநீரைச் சுத்திகரித்து, வெளியே விடாமல், திரும்பவும் சாயத்துக்கே பயன்படுத்தும் நிலையங்கள் ஓடுகின்றன. முடிகிற காரியம்தான். கேட்க ஆள் வரும்வரை யாரும் செய்யவில்லை.

என்னைக் கேட்க ஆள் வந்தது 2022 தீபாவளிக்கு அடுத்த வாரம். போனஸ் வாங்கிக்கொண்டு எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். மெஷின்களுக்கு எண்ணெய் போடலாம் என்று கம்பெனியைத் திறந்தேன். பவர் டேபிளுக்கு அடியில் ரிப் துணி வெட்டுகள் சுருண்டு கிடந்தன. சத்தமே இல்லாத அந்த ஷெட்டில், கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் மனைவி பில் புக்கை மூடிவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க, இந்த வருசம் நூறு ரூபாய்க்குப் பில் போட்டா, தொண்ணூறு ரூபாய் ஒரே கம்பெனிக்குங்க. அவங்க ஆர்டர் நின்னுபோச்சுன்னா சனிக்கிழமைக்கு என்ன பண்றதுங்க?"

என்னிடம் பதில் இல்லை. சம்பளத்தை நான் ஒருபோதும் தள்ளிப்போடாததற்குக் காரணம் அந்த நொடியில்தான் புரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் முப்பத்தைந்து பேர் என் முகத்தைப் பார்த்து நிற்கிறார்கள். ஐந்து வருடம் கழித்து வரப்போகிற நாள் அப்படி வந்து நிற்பதில்லை. அது கடன்காரனைப்போல வாசலில் நின்று சத்தம் போடாது. அதன் சார்பில் யாராவது கேட்டால்தான் நாம் உட்காருவோம்.

அன்றிலிருந்து புதன்கிழமை காலை ஆறு மணி முதல் ஏழரை வரை அந்த நாளுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளம் என்று வைத்துக்கொண்டோம். கம்பெனியில் உட்காருவதில்லை, அங்கே யாராவது கூப்பிடுவார்கள். வீட்டு மொட்டைமாடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு, நாங்கள் இரண்டு பேர். ஒரு வாரத்துக்கு ஒரு கேள்வி. கேட்பது அவள், பதில் எழுதுவது நான். முதல் மாதம் மனம் கம்பெனியிலேயே கிடந்தது. நான் மட்டும் பார்க்கும் வேலைகளை எழுதச் சொன்னாள். ஒரு பக்கம் நிறைந்தது. அதில் பாதியை சூப்பர்வைசர் ஆறே மாதத்தில் கற்றுக்கொண்டார். தவறும் செய்தார். அந்தத் தவறுகளுக்கு ஆன செலவு, நான் எல்லாவற்றுக்கும் ஓடியதால் இழந்ததைவிடக் குறைவு.

2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, தொண்ணூறு ரூபாய் பில் போன அந்தக் கம்பெனியின் ஆர்டர் பாதிக்குக் கீழே இறங்கியது. அதற்குள் எங்கள் வேலையில் மூன்றில் ஒரு பங்கு உள்நாட்டு விற்பனைக்கு மாறியிருந்தது. பீஸ் ரேட் குறைவு, ஆனால் வருடம் முழுக்க வேலை. எட்டு மெஷின்களைத் துணி போட்டு மூட வேண்டியிருந்தது, மனசு வலித்தது. சம்பளம் போடாத சனிக்கிழமை மட்டும் வரவில்லை.

இப்போது நோட்டில் இருக்கும் கேள்வி கடினமானது: பத்து வருடம் கழித்து இந்த மெஷின்களில் யார் உட்காருவார்கள்? எங்கள் டைலர்களின் பிள்ளைகள் காலேஜுக்குப் போகிறார்கள், அதுதான் நியாயம். வடக்கிலிருந்து வருகிறவர்கள் நிலைத்திருக்க வேண்டுமென்றால் குடும்பத்தோடு தங்க வீடும், பிள்ளைகளுக்குப் பள்ளியும் வேண்டும். நான்கு புதன்கிழமையாக அதே பக்கத்தில் இருக்கிறோம்.

போன வாரம் ஆறே முக்காலுக்கு உள்ளே போன் அடித்தது. நான் எழப் பார்த்தேன்.

"உட்காருங்க. எட்டரைக்குப் பேசிக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு, காற்றில் படபடத்த பக்கத்தின் மேல் காபி டம்ளரைத் தூக்கி வைத்தாள்.